பதறும்போது கைக்கு என்ன வேலை?

கேள்வி: எனக்கு 34 வயது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி எழில் நகர்ப் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. நாலு மாதத்துக்கு முன் ஒரு ராத்திரி அவளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு "ஐயோ என் புள்ள" என்று கத்தியபடி தெருவுக்கு ஓடிவிட்டேன். தெருவே கூடிவிட்டது. ஒருத்தர் அவள் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். இன்னொருத்தர் வாயில் ஸ்பூனை வைத்தார். வீட்டுக்காரருக்குப் போன் போடலாம் என்றால் விரல் நடுங்கி லாக்கே எடுக்க வரவில்லை. அவர் துறைமுகத்தில் ஜீரோ கேட் வரிசையில் லாரியோடு நின்றிருந்தார். ஆட்டோ பிடித்து வந்தால் ரயில்வே கேட் போட்டிருந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் செத்துப் பிழைத்தேன். "எத்தனை நிமிஷம் இழுத்தது?" என்று டாக்டர் கேட்டார். அரை மணி நேரம் இருக்கும் என்றேன். நிஜத்தில் எனக்குத் தெரியவில்லை.

குழந்தை இப்போது நன்றாக இருக்கிறாள். நான்தான் சரியில்லை. போன மாதம் ஷேர் ஆட்டோவில் அதே கேட்டில் மாட்டிக்கொண்டபோது நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்து மடங்கிக்கொண்டன. ஹார்ட் அட்டாக் என்றே நினைத்தேன். ஈசிஜி எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். அதற்குப் பிறகும் இரண்டு முறை அப்படி வந்தது. இப்போது அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். ராத்திரியெல்லாம் குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். வீட்டுக்காரர் "டென்ஷன் ஆகாத" என்கிறார். மாமியார் "பெத்தவளே பதறினா புள்ளைய யார் பாக்கறது" என்கிறார். எண்ணூரில் இருக்கும் என் அக்கா, 2023 டிசம்பரில் அமோனியா கசிந்த ராத்திரி, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நிதானமாக வெளியே வந்தவள். ஒரே வயிற்றில் பிறந்த எனக்கு ஏன் அது வரவில்லை? நிதானம் பிறவிக் குணமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் பயத்தின் வேர் குழந்தையிடம் இருக்கிறது. அதனால் அவளைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது. பெரும்பாலும் அது சில நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். சிறிது நேரமே வந்து நின்றுபோகும் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு மூளையைக் கெடுப்பதில்லை, புத்தியைக் குறைப்பதில்லை. கால்கை வலிப்பு நோய் என்பது வேறு. ஒரு முறை வந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இன்னொரு காய்ச்சலில் திரும்ப வரலாம். இதை மறைத்து "இனிமே வரவே வராதும்மா" என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. வரலாம் என்று தெரிந்தால்தான் தயாராக இருக்க முடியும். உங்களுக்கு நான் சொல்லப்போவதெல்லாம் அந்தத் தயாரிப்பைப் பற்றித்தான்.

அந்த ராத்திரி நீங்கள் கோழையாக நடந்துகொள்ளவில்லை. பெற்ற பிள்ளையின் கண் செருகுவதைப் பார்த்த நொடியில் உங்கள் மூளை, யோசிக்கிற பகுதியைக் கேட்காமலேயே அபாய மணியை அடித்துவிட்டது. அட்ரினலின் சுரந்தது. இதயம் வேகமாக அடித்தது. ரத்தம் கை கால்களின் பெரிய தசைகளுக்குப் பாய்ந்தது. ஓடுவதற்கும் தூக்குவதற்கும் சண்டை போடுவதற்கும் உடம்பு இப்படித்தான் தயாராகும். ஒரு கையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல்படி தாண்டி ஓடிய பலம் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அதே நேரத்தில் நுணுக்கமான வேலைகள் கைவிட்டுப் போகும். விரல் நடுங்கும், போன் லாக் எடுக்க வராது. பார்வை குறுகி எதிரே இருப்பது மட்டும் தெரியும், சுவரில் தொங்கும் கடிகாரம் கண்ணில் படாது. சொந்த வீட்டு முகவரியே மறந்துபோகும். நேரக் கணக்கு குழம்பும், இரண்டு நிமிடம் இருபது நிமிடமாகத் தோன்றும். டாக்டருக்கு நீங்கள் சொன்ன அரை மணி நேரம் பொய் இல்லை. உங்கள் உடம்பு அப்படித்தான் அதை அளந்தது.

ஆகவே, "அந்த நேரத்துல நிதானமா யோசிக்கணும்" என்று யாராவது சொன்னால் அது நல்லெண்ணத்தில் சொல்லும் வெறும் பேச்சு. அந்த நேரத்தில் யோசிக்கும் பகுதி உங்கள் கைவசம் இருக்காது. நிதானத்தைத் தேர்ந்தெடுக்கிற இடம் அதுவல்ல. அதை இன்றைக்கே, குழந்தை கூடத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் சாதாரணப் பகல் வேளையில், தேர்ந்தெடுத்து வைத்துவிட வேண்டும். அந்த நேரம் வரும்போது, பழகிவைத்த ஒரு வேலையைக் கை செய்யத் தொடங்கும். கை தொடங்கியபின் மனது பின்னாலேயே வந்து சேரும். அமைதியாகிவிட்டு அப்புறம் காரியம் செய்யலாம் என்று காத்திருந்தால் அமைதி வரவே வராது. முதல் காரியத்தைச் செய்தால் அது வரும்.

காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நடுக்கடலில் என்ஜின் நின்றுபோனால் அவர்களுக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். ஆனால் நங்கூரம் போடுவது முதல் வேலை என்று கைக்குத் தெரிந்திருக்கிறது. படகு அடித்துக்கொண்டு போகாமல் நின்றபிறகு என்ஜினைப் பார்ப்பார்கள், பக்கத்துப் படகுக்குக் குரல் கொடுப்பார்கள். உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு நங்கூரம் வேண்டும்.

குழந்தைக்கு வலிப்பு வந்தால் உங்கள் கை செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: அவளைத் தரையில் பாயின் மேல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஒருக்களித்துப் படுத்தால் வாயில் ஊறும் எச்சில் வெளியே வழியும், மூச்சுக்குழாயை அடைக்காது. இரண்டாவது, தலையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்து மணியை வாய்விட்டுச் சொல்லுங்கள். "பதினொண்ணு இருபது." சத்தமாகச் சொல்லுங்கள். மணியைச் சொல்லச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. டாக்டருக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிடும் என்பது ஒன்று. பேச்சு எப்போதும் மூச்சை வெளியே விடும்போதுதான் வரும் என்பது இன்னொன்று. ஒரு முழு வாக்கியத்தைச் சொல்ல மூச்சை நிதானமாக வெளியே விட்டாக வேண்டும், அந்த வெளிமூச்சே இதயத்தின் வேகத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். "ஐயோ" என்று அலறிய அதே தொண்டைக்கு வேறொரு வேலை கொடுக்கிறோம்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். கழுத்தருகே இறுக்கமான துணி இருந்தால் தளர்த்துங்கள். பக்கத்தில் இருக்கும் ஸ்டூல், பாத்திரம் எதையும் தள்ளி வையுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர், மாத்திரை எதுவும் கூடாது. பல் உடையும், புரையேறும். சாவி கொடுத்தவர் மீது கோபப்படாதீர்கள், நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் செய்து வந்திருக்கிறோம். இரும்புச் சாவி வலிப்பை நிறுத்துவதில்லை. அது தானாக நிற்கிற நேரத்தில் சாவி கையில் இருந்ததால் சாவிக்குப் பெயர் வந்துவிட்டது. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நின்று மறுபடி வந்தாலோ, நின்றபிறகும் உதடு நீலமாக இருந்தாலோ, மூச்சு சரியாக இல்லாவிட்டாலோ, நேரமாகியும் கண் விழிக்காவிட்டாலோ 108. சீக்கிரம் நின்றுவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள், காய்ச்சல் எதனால் என்று அவர் பார்க்க வேண்டும். நின்றபிறகு அவள் சிறிது நேரம் அசந்து தூங்குவாள், அது இயல்பு. கூட யாராவது இருந்தால் செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். "அந்த நேரத்துல வீடியோவா" என்று யாராவது ஏசினால் ஏசட்டும். நாம் வாயால் விவரிப்பதை விட அந்த ஒரு நிமிடம் டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

இதைப் படித்துவிட்டு மூடி வைத்தால் பிரயோஜனமில்லை. ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் வண்டிக்குப் போகாத நாளில், ஒரு தலையணையைக் குழந்தையாக வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். பாயை விரித்து, தலையணையை ஒருக்களித்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, மணியைச் சத்தமாகச் சொல்லுங்கள். முதல் தடவை கூச்சமாக இருக்கும். மாமியார் சிரிக்கலாம். அவரையும் கூப்பிட்டுச் செய்ய வையுங்கள். கடிகாரம் பாய் போடும் இடத்திலிருந்து தெரிகிறதா என்பதை அப்போதே பார்த்துவிடலாம். தெரியவில்லை என்றால் இன்றே ஆணியை மாற்றி அடியுங்கள். மாதம் ஒருமுறையாவது இதைச் செய்யுங்கள். தீயணைப்புத் துறையினர் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒத்திகை நடத்துவது பிள்ளைகளைப் பயமுறுத்த அல்ல. தீ வரும் நாளில் கால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காலுக்கே தெரிந்திருக்கட்டும் என்பதற்காக.

பிறகு ஒரு காகிதம். பீரோவின் உள்கதவில் ஒட்டாதீர்கள், வாசல் கதவின் உட்புறம், நிற்கும்போது கண்ணுக்கு நேராக ஒட்டுங்கள். பெரிய எழுத்தில் எழுதுங்கள். மேலே 108. அதன் கீழே உங்கள் கதவு எண், தெரு, பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம், அது கோயிலோ ரேஷன் கடையோ தண்ணீர்த் தொட்டியோ எதுவானாலும் சரி. 108க்குப் பேசும்போது "புள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு சார்" என்று தொடங்காமல், இடத்தைச் சொல்லித் தொடங்குங்கள். பாதியில் போன் கட்டானாலும் வண்டி எங்கே வர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த வரியில் குழந்தையின் வயது, எடை, ஒவ்வாத மருந்து ஏதாவது இருந்தால் அது. கடைசியில் வீட்டுக்காரரின் எண், பக்கத்து வீட்டாரின் எண், நீங்கள் வழக்கமாகப் போகும் ஆட்டோக்காரரின் எண். போனைப் பொறுத்தவரை, லாக் எடுக்காமலேயே அவசர அழைப்பு பேசும் வசதி எல்லா செல்போனிலும் உண்டு. திரையின் அடியில் அவசர அழைப்பு என்று இருக்கும், அதைத் தொட்டு 108 அல்லது 112 அடிக்கலாம். இன்றே உங்கள் போனில் அது எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்து வையுங்கள்.

வழியையும் இப்போதே முடிவு செய்துவிடலாம். கேட் போட்டிருந்தால் என்ன செய்வது என்பதை கேட் முன்னால் நின்று யோசிக்கக் கூடாது. வியாசர்பாடி வழியாகச் சுற்றிக்கொண்டு பேசின் பிரிட்ஜ் வந்து ஸ்டான்லிக்குப் போவதா, அல்லது கேட்டைத் தாண்டவே வேண்டாத உங்கள் பக்கத்தில் ராத்திரியிலும் குழந்தை மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு முதலில் போவதா என்று உங்கள் ஆட்டோக்காரரோடும் வீட்டுக்காரரோடும் பேசுங்கள். லாரி ஓட்டுகிறவருக்கு வட சென்னையின் சந்து பொந்தெல்லாம் அத்துபடியாக இருக்கும். இந்த ஒரு வேலையை அவரிடம் முழுசாக ஒப்படையுங்கள். அவர் தூரத்தில் இருக்கும் இயலாமைதான் "டென்ஷன் ஆகாத" என்ற வார்த்தையாக வெளியே வருகிறது என்று நினைக்கிறேன். அவரிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள். நீங்கள் பதறிக்கொண்டு கூப்பிட்டால் அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "என்னாச்சு, என்னாச்சு" அல்ல. "ஒருக்களிச்சுப் படுக்க வெச்சியா? மணி என்ன?" இவ்வளவுதான். ஜீரோ கேட் வரிசையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அவரால் உங்கள் கையைப் பிடித்து நடத்த முடியும்.

தெரு கூடியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட சென்னையில் ஒரு குரல் கேட்டால் பத்து பேர் ஓடி வருவார்கள். அது நம் பக்கத்துப் பெரிய பலம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "யாராவது வாங்களேன்" என்று கத்தினால் எல்லோரும் வருவார்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள், யாருக்கும் வேலை இருக்காது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஆளுக்கொரு வேலை கொடுங்கள். எதிர்வீட்டு அண்ணன் ஆட்டோ கொண்டு வரட்டும். பக்கத்து வீட்டு அக்கா 108க்குப் பேசட்டும். மூன்றாவது ஒருவர் வாசலில் நின்று காற்று வர வழிவிடச் சொல்லட்டும். இதையும் முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி வைக்கலாம். கேட்டால் முகம் சுளிக்கும் அக்கம்பக்கம் உங்களுடையது அல்ல என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

உங்கள் அக்காவிடம் வருகிறேன். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, சின்னகுப்பம், பெரியகுப்பம் பக்கத்து ஜனங்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வீட்டைவிட்டு ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. அன்று ஓடியது சரியான காரியம். நிதானமானவர்கள் ஓட மாட்டார்கள், குரல் உயர்த்த மாட்டார்கள், நெஞ்சு அடித்துக்கொள்ளாது என்று ஒரு படம் உங்கள் மனதில் இருக்கிறது. அதை அழித்துவிடுங்கள். வாயு கசிந்தால் ஓடத்தான் வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு கணம் பார்த்து, அந்தக் காற்றுக்குக் குறுக்காக விலகி ஓடுவதுதான் வித்தியாசம். கொடியில் காயும் புடவை பறக்கும் திசையைப் பார்த்தால் போதும். அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொள்வது உதவும். உங்கள் அக்கா இப்படி ஏதாவது ஒன்றைத்தான் செய்திருப்பார். அவரைப் பார்க்கும்போது "அன்னிக்கு உனக்குப் பயமா இல்லையா?" என்று கேளுங்கள். உடம்பெல்லாம் ஆடியது என்று சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். தொழிற்சாலைகளுக்கு நடுவே வருஷக்கணக்காகக் குடியிருப்பவர்கள் நாற்றம் மாறினால் என்ன செய்வது என்று பலமுறை தங்களுக்குள் பேசி வைத்திருப்பார்கள். உங்களுக்கு அந்த ராத்திரிக்கு முன் யாரும் வலிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. உங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அதுதான். பிறவியிலேயே சிலருக்கு உடம்பு சீக்கிரம் பதறும், சிலருக்குத் தாமதமாகப் பதறும் என்பது உண்மை. ஆனால் என்ன செய்வது என்று பழகிக்கொள்ள இரண்டு வகையினராலும் முடியும்.

இனி உங்களுக்கு வரும் படபடப்பு. இது குழந்தையின் வலிப்பிலிருந்து வேறுபட்ட விஷயம், அதற்குத் தனி வைத்தியம் உண்டு. கேட்டில் உங்களுக்கு வந்தது பேனிக் அட்டாக் என்று சொல்லப்படுவது போலத் தெரிகிறது. அபாயம் எதுவும் இல்லாத இடத்தில் உடம்பின் அபாய மணி அடித்துவிடுகிறது. கேட், ஆட்டோ, தாமதம் இவற்றையெல்லாம் அந்த ராத்திரியோடு மூளை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது, அதனால் கேட்டைக் கண்டதும் அடிக்கிறது. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடுகிறீர்கள். தேவைக்கு மேல் மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். அதனால்தான் தலை லேசாகிறது, உதடும் விரலும் மரக்கின்றன, விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. மூச்சு போதவில்லை என்ற உணர்வும் மூச்சு அதிகமானதால் வருவதுதான். பயங்கரமாக இருக்கும். ஆனால் அது பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும்.

"ஆழமா மூச்சை இழு, இழு" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஏற்கெனவே அதிகமாக இழுத்ததுதான் தொல்லை. வெளியே விடுவதை நீட்ட வேண்டும். வாயை மூடி மூக்கால் சாதாரணமாக, மனதுக்குள் மூன்று எண்ணும் வரை இழுங்கள். சூடான பாலை ஊதுவது போல உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்கும், அவற்றை இறக்கிவிடுங்கள். இதைக் காலையும் மாலையும் ஐந்து நிமிடம், மனசு நன்றாக இருக்கும் நேரத்தில் பழகுங்கள். தொல்லை வரும்போதுதான் முதல்முறையாகச் செய்து பார்ப்பேன் என்றால் அது கைகொடுக்காது. காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வழக்கம் வேண்டாம், ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்து.

அந்தக் கேட் வழியாகப் போவதை விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இந்த வரிதான். இன்று கேட், நாளை ஷேர் ஆட்டோ, அப்புறம் எம்.சி. ரோடு கூட்டம், அதன்பின் வாசல்படி என்று பயம் இடத்தைப் பிடித்துக்கொண்டே போகும். விலகிப் போகும் ஒவ்வொரு முறையும் "தப்பிச்சோம்" என்று மூளை குறித்துக்கொள்கிறது, அந்த இடம் நிஜமாகவே ஆபத்து என்று அதற்கு உறுதியாகிவிடுகிறது. ஆகவே திரும்பப் போக வேண்டும், ஆனால் படிப்படியாக. முதலில் அக்காவோடோ வீட்டுக்காரரோடோ நடந்து போய்க் கேட் அருகே நில்லுங்கள். ரயில் போவதைப் பாருங்கள். படபடப்பு ஏறினால் ஓடி வந்துவிடாதீர்கள், அது இறங்கும் வரை அங்கேயே நின்று வெளிமூச்சை நீட்டுங்கள். அது இறங்குகிறது என்பதை உங்கள் உடம்பு ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த முறை ஏறுவது குறையும். பிறகு ஆட்டோவில் துணையோடு போங்கள், அதற்கும் பிறகு தனியாக.

ராத்திரி நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதற்கும் ஒரு வரம்பு வைப்போம். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். படுக்கும் முன் ஒருமுறை பாருங்கள். காய்ச்சல் இல்லாத ராத்திரியில் அதோடு சரி. காய்ச்சல் இருக்கும் ராத்திரியில் நீங்களும் மாமியாரும் முறை வைத்துக்கொண்டு, ஒருவர் பார்க்கும்போது மற்றவர் கட்டாயம் தூங்க வேண்டும். பாராசிட்டமால் சிரப்பை எடைக்கேற்ற அளவில், டாக்டர் சொன்ன இடைவெளியில் கொடுங்கள். அது குழந்தையின் உடம்பு வலியைக் குறைக்கும், வலிப்பு வராமல் தடுக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் மருந்து பத்து நிமிடம் தாமதமாகிவிட்டதே என்று உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். அடுத்த முறை குழந்தை மருத்துவரைப் பார்க்கும்போது, ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்புக்கு வீட்டில் வைத்துக்கொள்ள மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே இவளுக்குத் தேவைப்படுமா என்று கேளுங்கள். எல்லாக் குழந்தைக்கும் அது தேவையில்லை. உங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட் இருப்பதை அவரிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

மாமியார் சொன்னது உங்களைக் குத்தியிருக்கிறது. அவர் தலைமுறைப் பெண்கள் எத்தனையோ பயங்களை வாயில் துணியை வைத்து அடக்கிக்கொண்டு வாழ்ந்தவர்கள், தைரியம் என்றால் அதுதான் என்று நம்புகிறவர்கள். அவரோடு வாதாட வேண்டாம். இந்தக் கடிதத்தின் ஒருக்களித்துப் படுக்க வைக்கும் பகுதியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். "அத்தை, நான் கடைக்குப் போயிருக்கும்போது வந்தா நீங்கதான் பாக்கணும்" என்று சொல்லுங்கள். வேலை கையில் வந்ததும் குறை சொல்வது தன்னால் குறையும்.

கடைசியாக உங்கள் உடம்பு. ஈசிஜி சரியாக இருந்தது நல்லது. ஆனாலும் ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள், இரண்டுமே நெஞ்சுப் படபடப்பைத் தரக்கூடியவை, நம் பெண்களிடம் அதிகம் காணப்படுபவை. ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறீர்கள் என்று பாருங்கள், சாயங்காலத்துக்குப் பிறகு வேண்டாம். இனி எப்போதாவது நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தும் வலி வந்து இடது கை, தாடை என்று பரவினால், அல்லது வேலை செய்யும்போது வந்து ஓய்வெடுத்தால் விட்டுப்போனால், "இது பேனிக்தான்" என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் சொன்னவற்றை ஒரு மாதம் செய்தும் அட்டாக் தொடர்ந்தாலோ, தூக்கம் திரும்பாவிட்டாலோ, அந்த ராத்திரி திரும்பத் திரும்பக் கண்முன் வந்தாலோ, மனநல மருத்துவரைப் பாருங்கள். கீழ்ப்பாக்கம் என்று சொல்லிக் கேலி செய்யும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. அதற்குப் பயந்து எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் அவதிப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். இந்தத் தொல்லை நன்றாகக் குணமாகக்கூடியது, பேச்சு சிகிச்சையும் தேவைப்பட்டால் மாத்திரையும் இருக்கின்றன. ஸ்டான்லியிலேயே மனநலப் பிரிவு உண்டு, குழந்தையைக் காட்டப் போகும் அன்றே உங்களையும் காட்டிக்கொண்டு வரலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் சேவை அது, 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. ராத்திரி எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் யாரோ சொன்னார்கள் என்று தூக்க மாத்திரை மட்டும் வாங்கிப் போடாதீர்கள். அது இரண்டு ராத்திரி உதவுவது போலிருக்கும், பிறகு அது இல்லாமல் தூங்க முடியாத நிலைக்குக் கொண்டுபோய் விடும். குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் விழித்தெழ வேண்டியவரும் நீங்கள்தானே.

இந்த வாரமே காகிதத்தை ஒட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தலையணையை வைத்துச் செய்து பார்த்தபின், எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அதற்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.